சடன் பிரேக் மாஸ்டரின் வலது கை

ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் தான்தான் என்று அவர் வாய்க்கு வாய் சொல்லிக்கொள்வார். மீதிப் பாதிப் பேர் அவரிடம் சேர்ந்து இரண்டாம் நாளே கம்பி நீட்டியவர்கள் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்.

டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர்களை மாஸ்டர் என்று கூப்பிடுவது வழக்கம். இவரை முகத்துக்கு நேரே மாஸ்டர் என்றார்கள், முதுகுக்குப் பின்னால் சடன் பிரேக் என்றார்கள். அந்தப் பெயரை வைத்த புண்ணியவானுக்கு ஒரு மாலை போடலாம், அவ்வளவு பொருத்தம். கற்றுக்கொடுக்கிற காரில் மாஸ்டர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவருக்குக் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் போகிற நேரத்தில் மிதிப்பதற்காக வைத்தது. மற்ற மாஸ்டர்கள் ஆபத்து வந்தால் மிதித்தார்கள். இவர் அபிப்பிராயம் வந்தால் மிதித்தார். கியர் கொஞ்சம் கரகரத்தால் ஒரு மிதி. கண்ணாடியைப் பார்க்க மறந்தால் ஒரு மிதி. எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்து முகத்தில் ஒரு சின்ன சந்தோஷத்தைக் காட்டிவிட்டால், "என்ன, அதுக்குள்ள கொம்பு முளைச்சிருச்சா?" என்று அதற்கும் ஒரு மிதி. பின்னால் வருகிறவன் ஹாரனை அலற விடுவான். மாஸ்டர் நடுத்தெருவில் வண்டியை நிறுத்திவைத்துப் பாடம் நடத்துவார். பாடம் முடிந்ததும், "சரி, முதல்லேருந்து எடு" என்பார்.

வீட்டிலும் இதே கதைதான். யார் என்ன சொல்ல ஆரம்பித்தாலும் பாதியில் ஒரு மிதி விழும். "இன்னைக்கு லேப்ல ஒரு..." என்று மனைவி வாயெடுத்தால், "லேப்லன்னு சொல்லாத, எந்த லேப்னு சொல்லு" என்பார். அவர் வேலை பார்ப்பதே ஒரே லேப். மகள் ஃபோனில் பேசினால், அவள் மூச்சு விடுகிற இடைவெளியில் நான்கு திருத்தம் போடுவார். அந்தப் பெண் வெளியூரில் வேலை தேடிக்கொண்டு போனதற்கு அவர் சொல்லும் காரணம் சம்பளம். அந்தப் பெண் சொல்லும் காரணத்தை அவர் இதுவரை முழுசாகக் கேட்டதில்லை.

இதையெல்லாம் விடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. ஊருக்கே ஓட்டக் கற்றுக்கொடுத்தவரின் மனைவிக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கல்யாணமான புதிதில் கற்றுக்கொடுக்கிறேன் என்று கூட்டிக்கொண்டு போனார். பெட்ரோல் பங்க் பக்கத்து நாற்சந்தியில், பஸ்ஸும் லாரியும் நாலு பக்கமும் நிற்க, எந்தத் தப்பும் இல்லாத ஒரு திருப்பத்தில் மிதித்து நிறுத்திவிட்டு, "உன் தலையில என்ன இருக்கு?" என்று கேட்டார். அந்த அம்மாள் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார், கதவைத் திறந்தார், இறங்கினார், வீடு வரைக்கும் நடந்தே போய்விட்டார். வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் உண்டு. மாஸ்டர் பார்க்கவில்லை. அவர் நடுச்சந்தியில் நின்ற வண்டியை எடுக்கச் சொல்லிக் கத்தியவர்களோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். அதற்கப்புறம் அந்த அம்மாள் அவர் பக்கத்தில் ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை.

மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பவர். ஊசி உள்ளே போனதே தெரியாது என்று குழந்தைகளைப் பெற்றவர்கள் அவரைத் தேடி வருவார்கள். அப்படிப்பட்ட கை. அந்த நிலையத்தார் ஊருக்கு வெளியே புதுக் கிளை ஒன்றைத் திறந்து, அவரை அங்கே பொறுப்பாகப் போட்டார்கள். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். இரண்டாவது பஸ் வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை. வீட்டு வாசலிலோ கார் ஒன்று சும்மா நிற்கிறது. ஒருகாலத்தில் ஸ்கூலுக்கு ஓடிய வண்டி. அதைக் குடும்ப வண்டியாக மாற்றியபோதும் தன் பக்கத்துப் பிரேக்கை மாஸ்டர் கழற்றவில்லை. உறவினர் வீட்டு விசேஷத்துக்கு மைத்துனர் ஓட்டிக்கொண்டு போனாலும் இவர் கால் அதன்மேல்தான் இருக்கும்.

"நான் சொல்லித் தர்றேன், வா" என்று மாஸ்டர் ஒரு மாதமாகக் கரைத்துப் பார்த்தார். மனைவியின் கஷ்டத்தைப் பார்த்து மனம் இளகிவிட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வீட்டுக்கு எதிர்ச் சாரியில் ஒரு பெண்மணி புதிதாக டிரைவிங் ஸ்கூல் திறந்திருந்தார். "மாஸ்டர் சம்சாரத்துக்கே ஓட்ட வராதாமே" என்ற பேச்சு அங்கிருந்துதான் கிளம்புகிறது என்று இவருக்குச் சந்தேகம். அதுதான் உறுத்தல்.

மாஸ்டரின் ஆபீசுக்கு மேல்மாடியில் ஒரு மேண்டலின் வகுப்பு நடந்தது. சொல்லிக்கொடுப்பவர் நடுத்தர வயதுப் பெண், யாரையும் அதட்டாத டீச்சர். மாடியிலிருந்து ஆரம்பப் பாடக்காரர்களின் டிங் டிங் சத்தம் கீழே இறங்கும்போதெல்லாம் மாஸ்டர் முகத்தைச் சுளிப்பார். ஒருநாள் சாப்பிடும்போது அந்தப் பேச்சை எடுத்தார்.

"ஒரு கைக்குழந்தை சைஸ் பெட்டி. அதுல எட்டுக் கம்பி. இதைத் தட்டறதுக்கு வருஷக் கணக்குல கத்துக்கறாங்களாம். என் கையில குடுத்தா ஒரே மாசம்."

மனைவி தட்டைப் பார்த்தபடியே சொன்னார். "அப்ப ஒண்ணு செய்ங்க. ஒரே ஒரு பாட்டு. நடுவுல நிறுத்தாம, நாலு பேர் முன்னாடி வாசிச்சு முடிங்க. நான் உங்க பக்கத்துல உட்கார்ந்து வண்டி ஓட்டறேன்."

"வாக்கு மாற மாட்டியே?"

"நான் எப்ப மாறியிருக்கேன்?"

மாஸ்டர் குறுக்கே பேசாமல் கேட்ட முதல் வாக்கியங்கள் அவைதான்.

மறுநாளே மேண்டலின் வாங்கினார். கூடவே கம்பியை மீட்டுகிற பிக்கையும் வாங்கினார். ஒரு விரல் நக அளவு பிளாஸ்டிக் துண்டு, ஒன்று இருந்தால் போதும். இவர் மெல்லியது, தடித்தது, முக்கோணம், ஆமை ஓட்டு நிறம் என்று ஒரு டப்பா நிறைய வாங்கினார். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு இந்தச் சாமான் பித்து வருவது இயல்பு.

முதல் வகுப்பில் டீச்சர் சொன்னது ரொம்பச் சின்ன விஷயம். வலது கையை லேசாக மடக்குங்கள். ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் பிக்கை வையுங்கள், மேலே கட்டைவிரல். நுனி கொஞ்சம் மட்டும் வெளியே தெரியட்டும். மணிக்கட்டு ஆடட்டும், முழங்கை அல்ல. மேண்டலினில் கம்பிகள் ஜோடி ஜோடியாக இருக்கும், இரண்டும் சேர்ந்து ஒலிக்க வேண்டும். கீழே ஒரு வீச்சு, மேலே ஒரு வீச்சு.

"லேசாப் பிடிங்க சார்."

"லேசாத்தான் பிடிச்சிருக்கேன்."

அவர் கட்டைவிரல் நகம் வெளுத்துப் போயிருந்தது. திருகாணியைப் பிடுங்கப் போகிறவர் மாதிரி மூன்று விரலால் இறுக்கியிருந்தார். முதல் வீச்சில் மேல்கம்பி மட்டும் அலறியது, அதன் ஜோடிக்குத் தகவலே போகவில்லை. இரண்டாவது வீச்சில் பிக் கம்பிக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. மூன்றாவதில், இருப்பதிலேயே மெல்லிய கம்பி அறுந்து அவர் கன்னத்தில் ஒன்று வைத்தது. மாஸ்டர் பிக் சரியில்லை என்றார். தடித்த பிக்கை எடுத்தார். அடுத்த வகுப்பில் இன்னொரு கம்பி போயிற்று. கம்பி சரியில்லை என்றார்.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்கும் ஒவ்வொருவரிடமும் அவர் தினமும் கத்துகிற வசனம் இது: "கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடி! கொன்னுடாத!" அத்தனை வருஷம் கத்தியும் அந்த வசனம் அவர் காதில் மட்டும் விழவில்லை. அவர் கையில் அகப்பட்ட குஞ்சு எப்போதோ செத்துப்போயிருக்கும்.

இறுக்கமாவது பரவாயில்லை. அதைவிட மோசமான வியாதி ஒன்று இருந்தது. டீச்சர் ஒரு குட்டி மெட்டு கொடுத்தார், குழந்தைகள் முதலில் வாசிப்பது. இடது கை விரல் ஓரிடத்தில் தவறும். உடனே மாஸ்டரின் வலது கால் தரையை ஓங்கி மிதிக்கும். மிதித்தவுடன் வலது கை நின்றுவிடும். "சே! முதல்லேருந்து" என்பார். திரும்பவும் அதே இடம், திரும்பவும் மிதி. அந்த மெட்டின் முதல் இரண்டு வரி கீழே டீக்கடைக்காரருக்கு மனப்பாடமாகிவிட்டது. மூன்றாவது வரி எப்படி இருக்கும் என்று அந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

டீச்சர் அந்தக் காலைக் கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சார், தப்பு வந்தா வரட்டும். வலது கையை நிறுத்தாதீங்க."

"தப்பை வச்சுக்கிட்டு எப்படிம்மா மேல போறது?"

"போயிடணும் சார். இடது கை தப்புப் பண்ணும், அப்புறம் திருந்திக்கும். வலது கை நின்னுட்டா பாட்டே செத்துடும்."

மாஸ்டருக்கு இது சுத்த அயோக்கியத்தனமாகப் பட்டது. தப்பைக் கண்டும் காணாமல் போகச் சொல்கிற ஒரு டீச்சர்! இந்த ஊர் உருப்படுமா? வீட்டுக்கு வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தன் முறையிலேயே சாதகம் பண்ணினார். டிங் டிங் டிங், தொம், சே. டிங் டிங் டிங், தொம், சே. ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை முழுக்க இது நடந்தது. மனைவி முதல் தொம் கேட்கும்போதே செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார், மதியம்தான் வருவார். பாவம், சத்தம் பொறுக்காமல் அக்கா வீட்டுக்குப் போகிறாள் என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார். கேட்கவில்லை.

ஒருநாள் மட்டும் மனைவி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். உள்ளே வந்து மாஸ்டரின் மணிக்கட்டை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இவ்ளோ இறுக்கினா ரத்தமே ஓடாதுங்க. நான் ஊசியை இப்படிப் பிடிச்சா ஒரு நரம்புகூட அகப்படாது, நழுவிப் போயிடும்."

"உன் வேலை வேற, இது வேற" என்று மாஸ்டர் வழக்கம்போல மிதித்தார். மனைவி கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

மாடியில் ஆண்டு விழா நெருங்கியது. மாணவர்கள் ஆளுக்கொரு மெட்டு வாசிக்க வேண்டும், குடும்பத்தார் வந்து கேட்பார்கள். எட்டு வயசுப் பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டே ஐந்து மெட்டு வாசிக்கிறாள். மாஸ்டருக்கு மூன்றாவது வரி வரவில்லை. அப்போதுதான் அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். தோற்றால் மனைவி இரண்டு பஸ் மாறியே போவாள், எதிர்ச் சாரிப் பெண்மணி சிரிப்பார், ஜன்மத்துக்கும் அந்தப் பேச்சு ஓயாது. முதல் முறையாக டீச்சரிடம் தணிந்த குரலில் கேட்டார், "இப்ப என்ன பண்றது?"

டீச்சர் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். வெளியே மழை. கீழே மாஸ்டரின் ஸ்கூல் வண்டி நின்றது.

"உங்க வண்டி வைப்பர் இருக்கே சார். ஒரு துளி கோணலா விழுந்துருச்சுன்னு அது நிக்குமா?"

சாமானியப் பேச்சு எதுவும் ஏறாத மண்டையில், காரின் உதிரிபாகம் ஒன்று வழியாக அது ஏறியது. அன்றிலிருந்து வகுப்பு இல்லாத நேரங்களில் வண்டிக்குள் உட்கார்ந்து, வைப்பரைப் போட்டுவிட்டு, மடியில் மேண்டலினை வைத்துக்கொள்வார். இடது கையால் கம்பிகளை வெறுமனே மூடிக்கொண்டு, வைப்பர் போனால் கீழே, வந்தால் மேலே. மெட்டு கிடையாது, சரக் சரக் என்ற சத்தம் மட்டும். வெயில் கொளுத்துகிற நாளில் காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கிறீச்சிட, உள்ளே ஒரு மனிதர் ஊமைக் கம்பியைத் தேய்த்துக்கொண்டிருந்தால் தெரு என்ன நினைக்கும்? நினைத்தது. டீக்கடைக்காரர் கூசாமல் சொல்லவும் சொன்னார். ஆனாலும் தலைகீழாக நின்று சொல்லியும் கேட்காத அந்தக் கை, வைப்பருக்குக் கட்டுப்பட்டது. மணிக்கட்டு இளகியது. பிக் விரலில் சும்மா உட்கார்ந்தது. ஒருநாள் அது நழுவிக் கீழேகூட விழுந்தது. டீச்சரிடம் சொன்னபோது, "இப்பத்தான் சார் சரியாப் பிடிக்கறீங்க" என்றார்.

விழாவன்று மேடையில் நாற்காலி போட்டிருந்தார்கள். பலகை மேடை. முதல் வரிசையில் மனைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் ஆரம்பித்தார். முதல் வரி நன்றாகவே வந்தது, இரண்டு கம்பியும் ஜோடியாக ஒலித்தன. இரண்டாவது வரியில், எதிர்பார்த்த இடத்தில், விரல் வழுக்கியது. கால் இறங்கியது. பலகை மேடையாதலால் தொம் என்று கூடமே அதிர்ந்தது. ஆனால் கை நிற்கவில்லை. கீழே, மேலே, கீழே, மேலே என்று அது தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது வரி முதன்முதலாக உலகத்துக்குக் கேட்டது. அது அப்படியொன்றும் பிரமாதமான வரி அல்ல. அதிலும் ஒரு தப்பு, ஒரு தொம். நான்காவது வரியில் இன்னும் இரண்டு. மெட்டு முடிந்தது.

கூடம் கைதட்டியது. "காலால தாளம் வேற போட்டாரு பாரு!" என்று பின்வரிசையில் யாரோ வியந்தார்கள். மாஸ்டர் அதை மறுக்கவில்லை. மார்பை நிமிர்த்திக்கொண்டு இறங்கிவந்தார்.

"முடிச்சுட்டேன் பார்த்தியா?"

"பார்த்தேன். நல்லா இருந்துச்சு" என்றார் மனைவி. மனசாரத்தான் சொன்னார். அந்தக் கையைப் பார்த்து அவருக்கே கண் கலங்கிவிட்டது. ஆனால் அவர் பார்வை பாதி நேரம் காலில்தான் இருந்தது. "கால்ல என்ன அது?"

"தாளம்."

"ஓ" என்றார் மனைவி.

வாக்கு வாக்குதான். அடுத்த வேலைநாள் காலையில் மனைவி காரில் ஏறி ஓட்டுகிறவர் இடத்தில் உட்கார்ந்தார். மாஸ்டர் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தி, பக்கத்து இருக்கையில் அமர்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார். எதிர்ச் சாரிப் பெண்மணி வாசலில் நிற்பதைக் கடைக்கண்ணால் பார்த்து வைத்துக்கொண்டார்.

"முதல்ல கண்ணாடியைப் பாரு. அப்புறம் கிளட்ச்சை..."

அவர் சொல்லி முடிப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. குலுங்கவில்லை, இழுக்கவில்லை. கியர் ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று, ஊசி இறங்குவது போல. எதிர்ச் சாரிப் பெண்மணி கையை ஆட்டினார். மனைவி ஒரு விரலைத் தூக்கிப் பதிலுக்கு ஆட்டினார். மாஸ்டரின் முகத்தில் ஈயாடவில்லை.

"உனக்கு... எப்ப..."

"ஞாயித்துக்கிழமைதோறும். அந்த மேடம்தான் சொல்லிக்குடுத்தாங்க. போன மாசம் லைசென்ஸும் வந்துருச்சு. நீங்க கதவைச் சாத்திக்கிட்டு உள்ள உட்கார்ந்ததே பெரிய உபகாரம். சொல்லலாம்னு ரெண்டு மூணு தடவை வாயெடுத்தேன், நீங்க எங்க சொல்லவிட்டீங்க?"

பெட்ரோல் பங்க் பக்கத்து நாற்சந்தி வந்தது. இடப்பக்கத்திலிருந்து ஒரு லாரி மூக்கை நீட்டியது. அது இன்னும் தூரத்தில்தான் இருந்தது, மனைவியும் பார்த்துவிட்டார். மாஸ்டரின் கால் அதற்குள் இறங்கிவிட்டது. பல வருஷத்துக்கு முன்னால் இறங்கிய அதே வேகத்தில், அதே இடத்தில்.

ஒன்றும் நடக்கவில்லை. மிதி உப்புச் சப்பில்லாமல் தரைவரைக்கும் போய்த் தொட்டுக்கொண்டு கிடந்தது. அவர் மறுபடி மிதித்தார். மறுபடியும் மிதித்தார். மனைவி பதறாமல் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, லாரிக்கு வழிவிட்டு, சந்தியைத் தாண்டி வண்டியைத் திருப்பினார்.

"அது வேலை செய்யாதுங்க. மெக்கானிக் தம்பிகிட்ட சொல்லி கம்பியைக் கழட்டிட்டேன். டிக்கில போட்டிருக்காரு."

"யாரைக் கேட்டுக் கழட்டின?"

"மேடையில உங்க காலைப் பார்த்துட்டுத்தான். கை திருந்திருச்சு, அது வரைக்கும் சந்தோஷம். கால் திருந்தற வரைக்கும் நான் காத்துக்கிட்டிருக்க முடியாது, வேலைக்குப் போகணும்."

மாஸ்டர் ஏதோ சொல்ல வந்தார். மனைவி ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். புதுக் கிளையில் குளிர்பதனப் பெட்டி ஓயாமல் மக்கர் பண்ணுவதைச் சொன்னார், ரத்தம் எடுத்தால் மயங்கி விழும் போலீஸ்காரரைச் சொன்னார், மகள் வேலையில் உயர்ந்ததைச் சொன்னார். மிதிக்க ஒன்றும் இல்லாததால் மாஸ்டர் எல்லாவற்றையும் முழுசாகக் கேட்டார். கிளை வாசலில் வண்டியை ஒரே முறையில் நேராக நிறுத்திவிட்டு மனைவி சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

"சாயங்காலம் எனக்கு வண்டி வேணும். நீங்க பஸ்ல போயிடுங்க. ரெண்டாவது பஸ் மட்டும் கொஞ்சம் பார்த்து ஏறுங்க."

இரண்டாவது பஸ்ஸில் உட்கார இடமில்லை. மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாழாய்ப்போன பழக்கம், வலது கை அதையும் லேசாகத்தான் பிடித்திருந்தது. பெட்ரோல் பங்க் நெருங்கும்போது டிரைவர் எந்தக் காரணமும் இல்லாமல் ஓங்கி மிதித்தார். பஸ்ஸே முன்னால் குப்புறச் சாய்ந்தது. மாஸ்டர் கம்பியை விட்டு, ஒரு காய்கறிக் கூடைமேல் போய் உட்கார்ந்தார்.

"எவன்யா அவன், இப்படி சடன் பிரேக் போடறது? எந்த மடையன் உனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்குடுத்தான்?"

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"மாஸ்டர்! நீங்களா! உங்ககிட்டதான் மாஸ்டர் கத்துக்கிட்டேன்!"

பஸ் மொத்தமும் சிரித்தது. கூடைக்காரம்மா நசுங்கிய தக்காளியைக் காட்டிச் சண்டைக்கு வந்தார். மாஸ்டர் கதவைத் திறக்கச் சொல்லி அந்த நாற்சந்தியிலேயே இறங்கிவிட்டார். அங்கிருந்து வீடு வரைக்கும் நடந்தார். அது எவ்வளவு தூரம் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.